குடியை விட்ட பின்னும் மகிழ்ச்சி வரவில்லையே, இது விசுவாசக் குறைவா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பல ஆண்டுகள் சம்சு என்னும் மலிவுச் சாராயத்துக்கு அடிமையாக இருந்த நான், சபையாரின் ஜெபத்தாலும் மனைவியின் பொறுமையாலும் சென்ற ஆண்டு குடியை நிறுத்தினேன். ஆயினும் ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது என் உள்ளம் மட்டும் வறண்டு கிடக்கிறது. சம்பள நாள் மாலையில் அந்த வெறுமை இன்னும் கனக்கிறது. இரட்சிக்கப்பட்டவனுக்கு மகிழ்ச்சி இல்லையென்றால் அவன் விசுவாசத்தில் குறையுள்ளது என்றுதானே பொருள்?

மறுமொழி (தைப்பிங், செவிலியர்):
அண்ணா, நெடுங்காலம் மதுவுக்குப் பழகிய மூளையில் இன்பத்தை உணரச் செய்யும் டோபமின் அமைப்பு மங்கிவிடுகிறது. அதனால் நல்ல சாப்பாடும் பாட்டும் பிள்ளைகளின் சிரிப்பும்கூடப் பல மாதங்களுக்கு மனத்தைத் தொடாமல் போகலாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் நீடித்தால் அரசாங்க கிளினிக்கில் தயங்காமல் சொல்லுங்கள்; மருந்து உட்கொள்வது ஜெபத்துக்கு எதிரானதன்று. (இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.)

மறுமொழி (ஓய்வுபெற்ற போதகர்):
தம்பி, 51ஆம் சங்கீதத்தில் தாவீது இரட்சிப்பின் மகிழ்ச்சியைத் திரும்பத் தரும்படி கேட்கிறான். பாவத்தை அறிக்கையிட்ட அந்த வேளையிலும் அது அவனிடம் இல்லாததால்தான் கேட்கிறான். அவனை விசுவாசமற்றவன் என்று யாரும் சொல்வதில்லை. ஒரே இரவில் எல்லாம் மாறியதாகச் சொல்லும் சாட்சிகளையே நம் சபைகள் விரும்பிக் கேட்கின்றன. மெல்லத் தேறுகிறவர்கள் அவற்றைக் கேட்டுத் தங்களைத் தாங்களே குற்றவாளிகளாக்கிக்கொள்வது என்னை மிகவும் வருத்துகிறது. பாட முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா உட்கார்ந்திருங்கள். மற்றவர்கள் உங்களுக்காகவும் பாடட்டும்.

மறுமொழி (குடியிலிருந்து மீண்டவன்):
போதகர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், மறுபடியும் குடிக்கத் தோன்றிய வேளையில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார்; அப்படி நேர்ந்த சந்திப்பிலிருந்தே, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று குடியை விடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்தது. நானும் சம்பள நாள் மாலைகளில், குடியை விட முயலும் ஒருவரின் வீட்டுக்குப் போய், தேநீர் குடித்தபடி பேசிவிட்டு, இருவருமாக ஜெபித்துவிட்டு வருவேன். திரும்பும்போது மனம் இலேசாக இருக்கும். போதையின் ஆரவாரத்தையே இன்பம் என்று நம்பியிருந்ததால், இதுதான் மகிழ்ச்சி என்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை. உங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியை விட முயலும் ஒருவர் இருப்பார், சபை மூப்பரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் சில தடவை தனியாகப் போகாமல் மூப்பரையும் அழைத்துச் செல்லுங்கள்; நீங்கள் பார்க்கப் போனவர் குடித்திருந்தால் அன்று பேச்சைத் தொடராமல் வேறொரு நாள் போங்கள்.