ஜப்பானிய வாளில் பொறித்த தேதி: நாள் எண்ணைக் காணோம்

ஜப்பானின் ஒகயாமாவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் இங்கே ஒரு பழம்பொருள் கடையில் 53 செ.மீ. நீள வாகிசாஷி, அதாவது குட்டை வாள், வாங்கினேன். கைப்பிடிக்குள் போகும் தண்டில் ஒரு பக்கம் ‘பிஷூ ஒசஃபுனே சுகேசதா’ என்று ஊரும் கொல்லர் பெயரும். அந்தப் பெயரில் பல கொல்லர்கள் இருந்ததால் மறுபக்கத் தேதிதான் எனக்கு முக்கியம். ‘எய்ஷோ 10, எட்டாம் மாதம், நாள்’. எய்ஷோ என்ற ஜப்பானிய சகாப்தத்தின் 10ஆம் ஆண்டு 1513, சரி. எத்தனையாம் நாள்?

சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்தேன், எழுத்துப் பள்ளத்தில் மாவு தடவினேன், மொழிபெயர்ப்புச் செயலியிலும் போட்டேன். எண் தெரியவில்லை. பதிவுச் சான்றிதழிலும் இல்லை. துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி என்பதால் அதைச் சுரண்டவில்லை.

அந்த எண் அழிந்துவிட்டதா, இல்லை எண் போடாமலே பொறிப்பதுதான் அன்றைய வழக்கமா?