கூலண்ட்டுக்குத் தமிழில் என்ன எழுதலாம்? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

ஐ.டி.ஐ. ஆசிரியர், திண்டுக்கல்:

வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காக, பழைய காரில் எஞ்சின் சூடாவது ஏன், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இருபது பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன், அதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவத்தின் பெயர், அந்த ஒரே ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கூலண்ட்.

காரணம் இருக்கிறது. எங்கள் பட்டறையில் பாடத்துக்கென்று ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. போன வருடம் ஒரு பையனிடம், "பச்சைத் தண்ணி குறைஞ்சிருக்கு, ஊத்துப்பா" என்றேன். நான் சொன்னது பச்சை நிறக் கூலண்ட்டை. அவன் வீட்டில் பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணீர். நேரே போய் போர் குழாயில் பிடித்து வந்து ஊற்றிவிட்டான். அதைப் பார்த்து அந்த வகுப்பே மாதக்கணக்கில் அதையே ஊற்றியிருக்கிறது. பிறகு ஒரு நாள் நான் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செங்கல்லைக் கரைத்த மாதிரித் தண்ணீர். குழாய்களின் வாயில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அந்த வெள்ளைப் பொருக்கு. விரல் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

பையன் மேல் தப்பில்லை. எங்கள் பட்டறைகளில் அதை 'தண்ணி' என்றே சொல்கிறோம், அதனால் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். எனக்கு வேண்டியது தண்ணீர் என்று யாரும் நினைக்க முடியாத ஒரு சொல்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

'குளிர்வி' என்று போடுங்கள் ஐயா. குளிர் தன்வினை, குளிர்வி பிறவினை, குளிரச் செய்வது. மண்வெட்டி, மரங்கொத்தி போல இகரத்தில் முடிகிற பெயர். மூன்றே உயிர்மெய், சொல்லவும் எளிது. சிலர் 'குளிர்விப்பான்' என்று எழுதுகிறார்கள், அது யாரோ ஒரு ஆள் வந்து விசிறிவிடுவது போல இருக்கிறது.

கூலண்ட் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். "ஹெட் கேஸ்கெட் ஃபெயிலியரால் கூலண்ட் லாஸ் ஆகும்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இதில் தமிழ் என்று இருப்பது ஒரு 'ஆல்', ஒரு 'ஆகும்', அவ்வளவுதான். பாடப்புத்தகத்தையே இப்படி எழுதினால் பையன் எந்த மொழியில் யோசிப்பான்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

தம்பி, அவசரப்படாதீர்கள். மண்வெட்டியில் 'வெட்டு' என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்து பெயரானது. குளிர்வியில் பெயராக்குகிற விகுதி எங்கே? வினையே இகரத்தில்தான் முடிகிறது. ஆகவே அது ஏவல். "குளிர்வி குறைந்தால் நிரப்பு" என்று எழுதிப் பாருங்கள், முதல் வாசிப்பில் அது இரண்டு கட்டளையாகத்தான் கண்ணில் படும்.

குளிர் என்ற சொல்லுக்கே வேறொரு பழைய வாழ்க்கை உண்டு. குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கிற தலைவி கையில் "தழலும் தட்டையும் குளிரும் பிறவும்" இருக்கின்றன. எல்லாம் கிளி விரட்டுகிற கருவிகள். அந்த அடியில் தழல் நெருப்பும் இல்லை, குளிர் சில்லிப்பும் இல்லை. கபிலர் இரண்டையும் ஒரே வரியில் கோத்து வைத்ததை நான் நாற்பது வருடம் வகுப்பில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன், இங்கேயும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் என்பதே தண் + நீர், குளிர்ந்த நீர். வெம்மையான நீர் வெந்நீர். ஓடுகிற எஞ்சினுக்குள் இருப்பது தொண்ணூறு டிகிரியில் இருக்கிற வெந்நீர். அதைத் தண்ணி என்பது பொருளாலும் பிழை. என் பரிந்துரை 'ஆற்றி'. பாலை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம். டீக்கடையில் மாஸ்டர் ஆத்துவதைப் பாருங்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில், காற்றில் சூட்டை விட்டுவிட்டு வருகிறது டீ. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நடப்பது இதைத் தவிர வேறென்ன? திரவம் என்று தெரிய வேண்டுமானால் 'ஆற்றுநீர்' என்றும் சொல்லலாம்.

பட்டறை வைத்திருப்பவர், கோயம்புத்தூர்:

முப்பது வருஷமா பழைய வண்டிதான் பார்க்கிறேன். டீ ஆத்துற உவமை ரொம்பச் சரி, பசங்களுக்கு நாளைக்கே சொல்லப் போறேன். ஆனா சொல் வேண்டாம். கேன் மேலே கூலண்ட்னுதான் போட்டிருக்கு, கடைக்காரர் கூலண்ட்னு கேட்டாத்தான் எடுத்துக் கொடுப்பார். ஆற்றி கொடுங்கன்னு கேட்டா என்னத்தைக் கொடுப்பார்?

கையேட்டில் சொல்லைவிட முக்கியமா எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு. வண்டி சூடாகுதுன்னு வந்தா, நிறைய இடத்தில் முதல் வேலையா தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிடறாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாமாம். அது 82லிருந்து 88 டிகிரிக்குள்ளே திறந்து கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடுற மாதிரி மெழுகு வைச்சுச் செஞ்ச சாமான். அதைக் கழட்டினா எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடுதலாக் குடிக்கும், தேய்மானமும் கூடும். உண்மையான கோளாறு உள்ளே அப்படியே இருக்கும்.

வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, ஆனா வாரா வாரம் குறையுதுன்னா எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பா இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். காலையில் எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திற. ஸ்டார்ட் பண்ணிட்டு வாயைப் பார். முதல்ல நாலு குமிழி வரும், அது உள்ளே நின்ன காற்று, நின்னுடும். நிக்காம சோறு கொதிக்கிற மாதிரி வந்துகிட்டே இருந்தா அது சிலிண்டரிலிருந்து வர்ற புகை. சந்தேகம்னா நீல மருந்துக் குழாயை வாயில் வைச்சு அந்தக் காற்றை உறிஞ்சிப் பார், புகை கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். சைலன்சரில் வெள்ளைப் புகையும் இனிச்ச வாசனையும் இருந்தா இன்னும் உறுதி. ஆயில் மூடிக்குக் கீழே வெண்ணெய் மாதிரி இருக்குன்னு உடனே ஹெட்டைக் கழட்டிடாதே. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டுற வண்டியில் ஈரம் கட்டியும் அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கிலும் பால் மாதிரி வந்தாத்தான் கவலை.

இதை எந்தச் சொல்லில் எழுதினாலும் சரி, எழுதுங்க.

பேராசிரியர், திருச்சி:

இயற்பியல் பக்கத்திலிருந்து ஒரு தடை. ஒரே எடையில் அதிகச் சூட்டைச் சுமப்பது வெறும் தண்ணீர்தான். அதில் கூலண்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி கலந்தால் அந்தத் திறன் குறைகிறது. அப்படியானால் கலப்பது எதற்கு? கொதிநிலையைக் கூட்ட, துருவைத் தடுக்க. குளிர்வி, ஆற்றி இரண்டுமே குளிர்விக்கிற வேலையைத்தான் சொல்கின்றன, அந்த வேலையில் தண்ணீர் இதை வென்றுவிடும். தண்ணீரிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசிரியரின் தேவையை இவற்றில் ஒன்றுகூட நிறைவேற்றவில்லை.

கொதிநிலையிலும் பாதி வேலை மூடியுடையது. சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற மூடி இருந்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துபோனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலண்ட்டும் கொப்பளித்து வெளியே வரும். பழைய வண்டியில் முதலில் மாற்ற வேண்டியது அந்த மூடி. இதையும் ஒரு வரி சேருங்கள்.

மோட்டார்ப் பகுதி உதவியாளராக இருந்தவர், யாழ்ப்பாணம்:

எங்கட பக்கத்தில் கூலன்ற் என்றும் றேடியேற்றர் என்றும் எழுதுவோம். உங்கள் கூலண்ட்டில் வருகிற 'ண்ட்' எங்கள் வாய்க்கு 'கூலண்டு' என்று மெலிந்து போகும். ஒலிபெயர்ப்புத்தான் என்று முடிவெடுத்தாலும் எந்த ஒலி என்ற கேள்வி மிஞ்சும், அதனால் நான் தமிழ்ச் சொல்லின் பக்கம் நிற்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்த நாளில் கூலன்றுக்கு எங்கே போவது? கிணற்றுத் தண்ணீர்தான். சுண்ணாம்புக்கல் மண், அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று ஆசிரியர் பார்த்த பொருக்கைப் படித்தபோது எனக்குக் கண்ணுக்குள் நின்றது. றேடியேற்றரைக் கழற்றி வெயிலில் வைத்து, கம்பியால் ஒவ்வொரு குழாயாகக் குத்திக் குத்தி எடுத்திருக்கிறேன். ஒரு சொல் அதைத் தடுக்கும் என்றால் அந்தச் சொல்லுக்காக எவ்வளவு நேரமும் பேசலாம்.

கார் உதிரிபாகக் கடை ஊழியர், டொராண்டோ:

இங்கே தமிழ் ஆட்கள் கடைக்கு வந்து கூலண்ட் என்று கேட்பது குறைவு, ஆன்ரிபிறீஸ் என்றுதான் கேட்பார்கள். சரிபாதிக் கலவை ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, இங்கே அதுதான் உயிர். வெறும் தண்ணீர் விட்டால் ஒரே இரவில் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே வெடிக்க வைத்துவிடும். ஆகவே எங்களுக்குப் பொருத்தமான சொல் 'உறைதடுப்பி'. ஒரே திரவம், உங்களுக்குச் சூட்டுக்கு, எங்களுக்குப் பனிக்கு.

எந்தப் பெயர் வைத்தாலும் நச்சு என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இனிக்கிற திரவம். தரையில் சிந்தியதை நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

ஐ.டி.ஐ. ஆசிரியர், திண்டுக்கல்:

எல்லோருக்கும் நன்றி. மூடி, நச்சு, தெர்மோஸ்டாட் மூன்றையும் சேர்த்துவிட்டேன். இன்று வகுப்பில் பலகையில் மூன்று சொல் எழுதினேன்: குளிர்வி, ஆற்றுநீர், உறைதடுப்பி. எது என்னவென்று சொல்லவில்லை.

ஆற்றுநீரைப் பார்த்ததும் நாலு பேர் ஒரே குரலில் "ஆத்துத் தண்ணியா சார்?" என்றார்கள். வைகைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டார்கள். போர் தண்ணியிலிருந்து தப்பித்து ஆற்றுத் தண்ணியில் விழ எனக்கு விருப்பமில்லை. உறைதடுப்பியை ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து என்றான் ஒருவன், அவன் அம்மா நர்ஸ். குளிர்வியை ஏ.சி. என்றார்கள் பலர். காருக்குள் என்றதும் ஒரு பெண், "ரேடியேட்டர்ல ஊத்துறதா சார்?" என்றாள். ஏவலாக யாரும் படிக்கவில்லை.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

ஆற்றுநீர் என் பிழை, ஆறு என்ற பெயரும் ஆற்று என்ற வினையும் அங்கே மோதும் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைத் திரும்பப் பெறுகிறேன். 'ஆற்றி'யைத் திரும்பப் பெறவில்லை. அதைப் பலகையில் எழுதவே இல்லையே?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, சொல்லின் வேர் பொருளைக் கட்டிப்போடாது என்பதற்கு நீங்கள் சொன்ன தண்ணீரே சாட்சி. தண் என்றால் குளிர்ச்சி, ஆனாலும் நாம் எல்லோரும் 'சுடுதண்ணி' என்று கூசாமல் சொல்கிறோம். பேராசிரியருக்கும் இதுவே பதில். ரேடியேட்டர் என்ற ஆங்கிலப் பெயர் கதிர்வீச்சைச் சொல்கிறது, அது சூட்டைக் கொடுப்பது பெரும்பாலும் அதன் ஊடே போகிற காற்றுக்கு. பெயர் சரியில்லை என்று அவர்கள் அதைக் கழற்றிப் போடவில்லை. புழங்கப் புழங்கக் குளிர்வியும் அந்தப் பச்சைத் திரவத்தையே குறிக்கும்.

பட்டறை வைத்திருப்பவர், கோயம்புத்தூர்:

தொல்காப்பியத்திலேயே திசைச்சொல்லுக்கு, அதாவது வேற நிலத்திலிருந்து வர்ற சொல்லுக்கு, இடம் இருக்குன்னு என் பொண்ணு சொல்றா. பன்னிரண்டு நிலத்துச் சொல் வரலாம்னா கேனில் எழுதியிருக்கிற சொல் ஏன் வரக்கூடாது? குளிர்வின்னு போட்டாலும் சரி, பக்கத்திலேயே கூலண்ட்னும் போட்டுடுங்க. பையன் கடைக்குப் போய் முழிக்கக் கூடாது.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

திசைச்சொல் பற்றித் தனியே எழுதுகிறேன், அது நீண்ட கதை. உங்கள் மகளுக்கு என் வாழ்த்து.

ஐ.டி.ஐ. ஆசிரியர், திண்டுக்கல்:

ஞாயிறு இரவு பதினொன்றரை. இதற்கு மேல் தள்ள முடியாது. எண்ணிப் பார்த்தால் குளிர்விக்கு நாலு பேர், கூலண்ட்டுக்கு மூன்று பேர், மற்றவர்கள் சோர்ந்து போய்விட்டார்கள். தலைப்பிலும் வரையறையிலும் குளிர்வி. படத்திலும் கடையில் வாங்க வேண்டிய பொருள் பட்டியலிலும் கூலண்ட். வரையறை இப்படிப் போகிறது:

"குளிர்வி: காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் சரிபாதி கலந்தது. கலந்தே விற்பதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இது தண்ணீர் அல்ல. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதையும் இதன் இடத்தில் ஊற்றாதே. நச்சு."

டீ ஆற்றுகிற உவமையை மூன்றாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறேன் ஐயா. பச்சைத் தண்ணி என்ற சொல்லைக் கையேடு முழுக்கத் தேடி, இருந்த இரண்டு இடத்திலும் எடுத்துவிட்டேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

படத்துக்கு நன்றி. அந்தப் படத்தின் கீழே வருகிற வாக்கியத்தில் வினை என்ன போட்டிருக்கிறீர்கள்? 'குளிர்விக்கிறது' என்றா, 'ஆற்றுகிறது' என்றா? ஆற்றுகிறது என்றிருந்தால் அதை மாற்றாமல் விடுங்கள், இரண்டாம் பதிப்புக்கு நான் மறுபடி வருவேன்.