ஆறு மாசமா செஸ் ரேட்டிங் நகரல, வழி சொல்லுங்க

அம்பை பையன்:
அண்ணாச்சிமாரே, ஆன்லைன்ல செஸ் ஆடுத லிசெஸ் தளத்துல 1350-லயே நிக்கேன். பகல்ல கடை வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல மூணு நிமிஷ ஆட்டமா பத்து, பதினஞ்சு ஆடுதேன். சிசிலியன்னு ஒரு ஓபனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்குத முறை, அந்த வீடியோ முப்பதாவது பாத்திருப்பேன். கோச் வைக்க வசதியில்ல. கையில இருக்க ஆட்டமும் கடைசில நழுவிப் போவுது.

பாளை யானை:
தம்பி, நழுவின ஆட்டம் ஒண்ணைச் சொல்லு. பொதுவா கேட்டா பொதுவாத்தான் சொல்ல முடியும்.

அம்பை பையன்:
நேத்து ஆடினது. நான் வெள்ளை. என் ராஜா இ4 கட்டத்துல, சிப்பாய் இ2-ல. அவன் ராஜா இ6. வேற காயே இல்ல, நடை என்னுது. ராஜாவ டி4-க்கு வச்சேன், அவன் டி6 வந்தான். எட்டு செகண்டுதான் பாக்கி. சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினேன். டிரா.

பாளை யானை:
அடப்பாவி! மொதல்லயே ஒரே கட்டம், இ3. அவ்வளவுதான். இப்போ நடை அவனுக்கு, ராஜா விலகித்தான் ஆகணும். அவன் டி6 போனா நீ எஃப்5, எஃப்6 போனா நீ டி5. உன் ராஜா சிப்பாய்க்கு முன்னால போயி ஆறாவது வரிசையைப் பிடிச்சிட்டா, யார் நடையா இருந்தாலும் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போயி ராணி ஆயிரும். ஓரச் சிப்பாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு ஆகாது. ரெண்டு ராஜாவும் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிக்க, நடையை எதிராளி தலையில கட்டுததைத்தான் ஆப்போசிஷன்ங்காக. கையில சிப்பாயோட ஒத்தை நடை மிச்சமிருந்துச்சு, அதைத் தெரியாம செலவழிச்சிட்ட. சிசிலியனை இப்போதைக்கு மூட்டை கட்டி வை.

தென்காசி அக்கா:
ஓபனிங்கே வேண்டாம்னு சொல்லாதிய அண்ணாச்சி, மொத பத்து நடை தெரியாட்டி இந்தக் கடைசிக் கட்டம் வரைக்கும் எங்க வர? ஆனா மூணு நிமிஷத்தை விடணும். பதினஞ்சு நிமிஷம், நடைக்குப் பத்து செகண்டு கூட. ராத்திரிக்கு ஒண்ணு போதும். தோத்ததும் தப்பு காட்டுத கம்ப்யூட்டர் என்ஜினைத் திறக்காத தம்பி. எங்க தப்புன்னு நீயே நோட்டுல எழுது, பொறவு ஒத்துப் பாரு. பசில் போடும்போது கடிகாரத்தைப் பாக்காத.

அம்பை பையன்:
சித்தப்பாவைக் கறுப்பு ராஜாவோட உக்கார வச்சு அதே நிலைய அஞ்சு தடவை ஆடினேன். நாலு ஜெயிச்சாச்சு. அஞ்சாவதுல பழக்க தோசம், ரெண்டு கட்டம் தள்ளிட்டேன். சித்தப்பா சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டுச்சு.