என்பிஏ கூடைப்பந்து பிளேஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) நெருங்கினாலே மனதை அரிக்கிற ஆட்டம் எது? சொல்லுங்கள்

ஏப்ரல்காளை:
நானே ஆரம்பிக்கிறேன். 2012 ஏப்ரல் 28, சிகாகோ–ஃபிலடெல்ஃபியா, முதல் ஆட்டம். எல்லாருக்கும் தெரிந்ததுதான். 12 புள்ளி முன்னிலை, ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை. எங்கள் சிகாகோவின் நட்சத்திரம் டெரிக் ரோஸ் கூடையை நோக்கிப் போனார், எம்பினார், இறங்கும்போதே இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஏசிஎல் (முழங்கால் தசைநார்) கிழிந்த செய்தி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பிடித்த விதம் அப்படி. கிழக்கில் முதலிடத்தில் இருந்த அணி எட்டாம் இடத்து அணியிடம் 4-2 என்று தோற்று வெளியேறியது. அதிலிருந்து என் ஆசையே சுருங்கிவிட்டது. கோப்பையெல்லாம் அப்புறம். ஏப்ரல் முடியும்போது எல்லாரும் நொண்டாமல் நடந்தால் போதும்.

ஐந்துவளையம்:
12 புள்ளி முன்னிலையில் அவரை ஏன் ஆடவிட்டார்கள் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: எந்த முன்னிலையும் போதாது. 2013 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம், 28 விநாடி பாக்கி, எங்கள் சான் அன்டோனியோ மயாமியைவிட 5 புள்ளி மேலே. கோப்பை கொடுக்க மஞ்சள் கயிறு கட்டவே ஆட்கள் வந்தாயிற்று. மயாமி ரசிகர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். எனக்குள் நிற்பது ஆட்டத்தைச் சமன் செய்த மயாமியின் ரே ஆலனின் ஷாட்கூட இல்லை. பின்னோக்கியே ஓடி, மூன்று புள்ளிக் கோட்டைக் குனிந்து பார்க்காமல் மூலையில் கால் வைத்தாரே, அந்த ஓரிரு அடி. ரீபவுண்டை (தவறித் திரும்பிய பந்தை) மயாமியின் பாஷ் எடுக்கும்போது எங்கள் டங்கன் பெஞ்சில்! அடுத்த வருடமே அதே மயாமியை 4-1 என்று அடித்தோம், சரி. ஆனாலும் ஆறவில்லை.

ஒருத்ரீயாவது:
ஹூஸ்டன், 2018, ஏழாவது ஆட்டம். வரிசையாக 27 த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) தவறியது. பாதியில் எங்கள் வீட்டில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நம்பிக்கையோடு காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைசி வார ஆட்டங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இடம் உறுதியான அணிகள் முக்கிய ஆட்களை உட்காரவைத்துவிடும். 82 ஆட்டத்து வெற்றிக் கணக்கையும் நம்பாதீர்கள். பிளேஆஃபில் கோச் எட்டு ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வார். அந்த எட்டாவது ஆள் டிஃபென்ஸில் தாங்குவாரா என்று பாருங்கள். ஏனென்றால் ஏழு ஆட்டத் தொடரில் எதிரணி பலவீனமான ஒருவரைக் கண்டுபிடித்து, பிக் அண்ட் ரோலில் (சக வீரர் மறைப்பாக நின்று வழிவிடும் உத்தி) திரும்பத் திரும்ப அவரையே இழுத்துவரும். த்ரீ விழாத நாளில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற ஷாட்) லைனுக்குப் போய்ப் புள்ளி எடுக்க ஆள் உண்டா என்பதும் முக்கியம் (எங்கள் கதைதான்). அப்புறம் பிளே-இன், அதாவது ஏழு முதல் பத்தாம் இடம்வரை உள்ள அணிகள் பிளேஆஃபுக்குள் நுழைய ஆடும் ஆட்டங்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடக்கிற ஆட்டத்தில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒன்பதும் பத்தும் ஒரே தோல்வியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆறாவது இடத்துக்குள் வராத அணியை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாம்நம்பர்:
ஆறுக்குள் வராத அணியா? 2023 மயாமி. பிளே-இன்னில் அட்லான்டாவிடம் தோல்வி. அடுத்து சிகாகோவுடன் நான்காவது குவார்ட்டரில்கூடப் பின்தங்கி, எப்படியோ பிழைத்து, லீகிலேயே அதிக வெற்றி பெற்றிருந்த மில்வாக்கியை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பினோம். நான்காவது ஆட்டத்தில் எங்கள் ஜிம்மி பட்லர் 56 புள்ளி! இறுதித் தொடர்வரை போனோம். அங்கே எங்களை வென்ற டென்வர் பற்றிப் பேச வேண்டாம். உங்கள் விதிகளை வைத்துப் பார்த்திருந்தால் நான் அந்த 56-ஐயே பார்த்திருக்க மாட்டேன்.

ஐந்துவளையம்:
அந்தத் தொடரில் மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் இரண்டு ஆட்டம் ஆடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எட்டாம்நம்பர்:
56 அடித்த அன்று அவர் களத்தில்தான் இருந்தார். போய்ப் பாருங்கள்.

ஏப்ரல்காளை:
யோசனை யாரும் கேட்கவில்லையே சார், அனுபவம்தானே கேட்டேன்! எட்டாம்நம்பர், நீங்கள் தாண்டிப்போன அந்த சிகாகோ நாங்கள்தான். அதற்கு முந்தைய ஆட்டத்தில், அப்போது எங்கள் அணியில் இருந்த டிரோசனின் மகள் எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போதெல்லாம் கேலரியில் இருந்து வீறிட, டொரோண்டோ 36 ஃப்ரீ த்ரோவில் 18-ஐத் தவறவிட்டது. இது நம் வருடம் என்று குதித்துக்கொண்டிருந்தேன். 2024-லும் 2025-லும்கூட பிளே-இன்னில் எங்களை வெளியே தள்ளியது உங்கள் மயாமிதான். இந்த முறை யாரோடு வேண்டுமானாலும் மோதச் சொல்லுங்கள், உங்களோடு மட்டும் வேண்டாம்.