கொட்டகலை பக்கம் புது வீடு, 6க்கு 8 ரூமை டிரெஸ்ஸிங் ரூம் ஆக்கலாமா? பங்கஸ் புடிக்காம இருக்க என்ன செய்யணும்

கொட்டகலை_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வேலை முக்கால்வாசி முடிஞ்சிருச்சு, இப்ப சீலிங் அடிக்கிறாங்க. எங்க ரூமை ஒட்டி பின்பக்கம் சின்னதா ஒரு ரூம் இருக்கு, 6 அடிக்கு 8 அடி, முதல்ல ஸ்டோர் ரூம்னுதான் பிளான்ல போட்டிருந்தோம், இப்ப நான் அதை டிரெஸ்ஸிங் ரூமா மாத்தலாம்னு பாக்குறேன். மாமி வேஸ்ட்னு சொல்றாங்க, "துணி மாத்துறதுக்கு ஒரு ரூமா"ன்னு சிரிக்கிறாங்க. ஆனா நான் ஸ்கூல் டீச்சர், தினம் சேலைதான், விடியக்காலம அஞ்சரைக்கு லைட்டைப் போட்டு சேலை மடிப்பு வச்சிக்கிட்டு நின்னா சின்னவ எழும்பிருவா, அப்புறம் அன்னைக்கு வேலை நடந்த மாதிரிதான். அவரு கொழும்புல வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுல, அதனால எல்லாத்தையும் நான்தான் யோசிக்கணும்.

ரூம் இப்பிடித்தான் இருக்கு: 8 அடி சுவர் ஒண்ணு மண்மேட்டுப் பக்கம் (மேட்டை வெட்டித்தானே கட்டினோம்), அதுக்கு எதிர் சுவர் எங்க பெட்ரூமோட சேர்ந்தது, கதவு அதுலதான் வரும், இன்னும் வெட்டல. 6 அடி சுவர்ல ஒண்ணு குசினியோட சேர்ந்தது, மத்தது வெளிப்பக்கம், சின்ன ஜன்னல் இருக்கு. போன்ல பாத்த படத்துல எல்லாம் கதவே இல்லாம திறந்த ராக்கை, கண்ணாடி, உள்ளுக்கு லைட் எல்லாம் வச்சி அழகா இருக்கு. மண்மேட்டு சுவர் முழுக்க அப்பிடி அடிக்கலாம்னு ஆசை. ஆனா இப்ப இருக்கிற வாடகை வீட்டுல ஜூன் ஜூலை வந்தா அலுமாரிக்குள்ள பிள்ளைகளோட வெள்ளை யூனிஃபோர்ம்ல கூட கருப்புப் புள்ளி விழுது. என்ன பலகை போடலாம், கதவு வேணுமா வேணாமா, லைட் எப்பிடி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நாவலப்பிட்டி_தச்சுப்பட்டறை

தங்கச்சி, ராக்கை பலகை எல்லாம் பிறகு பாப்போம், முதல்ல எந்த சுவர்ங்கிறதை முடிவு பண்ணுங்க. மண்மேட்டு சுவர்ல அலுமாரி அடிக்கவே வேணாம். அந்த சுவருக்குப் பின்னால ஈர மண்ணு, மழைக்காலம் முழுக்க சுவர் குளிர்ந்துதான் கிடக்கும், ரூமுக்குள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரம் அந்த குளிர்ந்த சுவர்ல பட்டு தண்ணியா மாறும், அதை மறைச்சு அலுமாரி வச்சா காத்தும் போகாது, வெளிச்சமும் போகாது, பங்கஸுக்கு நாமே ரூம் கட்டிக் குடுத்த கதைதான். நான் கழட்டுற பழைய அலுமாரில பாதிக்கு மேல பின்பலகைதான் போயிருக்கும், முன்பக்கம் புதுசு மாதிரி இருக்கும்.

பெட்ரூம் சுவர், குசினி சுவர் ரெண்டும் வீட்டுக்குள்ள இருக்கிற சுவர், காஞ்சது. அந்த ரெண்டுலயும் 'ட' எழுத்து மாதிரி மூலையா அடிங்க. கதவை ஜன்னல் பக்கத்து ஓரத்துக்குத் தள்ளி வெட்டச் சொல்லுங்க, நல்ல வேளை இன்னும் வெட்டல. இரண்டரை அடி கதவுக்குப் போனா பெட்ரூம் சுவர்ல அஞ்சு அடிக்கு மேல கிடைக்கும், அது தொங்கவிடுற துணிக்கு. அதுக்கு ஆழம் 24 அங்குலம் இருக்கணும், ஹேங்கரே 18 அங்குலம் வரும், அதுக்குக் கம்மியா அடிச்சா கதவு சாத்தாது. ரூம் அகலம் 6 அடி, அதுல 2 அடி போனா நிக்கிறதுக்கு 4 அடி இருக்கு, சேலை கட்ட தாராளம். ரெண்டு பக்கமும் அலுமாரி அடிச்சா நடுவுல 2 அடிதான் மிஞ்சும், குனிஞ்சு லாச்சி இழுக்க ஏலாது, அதுக்குக் கொறஞ்சது 7 அடி அகல ரூம் வேணும். குசினி சுவர்ல மடிச்சு வைக்கிற துணிக்கு ராக்கை, அதுக்கு 15 அங்குல ஆழம் போதும், அதுக்கு மேல போனா பின்னால என்ன இருக்குன்னு வருசம் முழுக்க தெரியாது.

பலகைன்னா எம்.டி.எஃப் (மரநாரை அமுக்கி செய்யிற பலகை), மெலமைன் போர்டு (மேல பளபளப்பா பூச்சு ஒட்டின பலகை) ரெண்டும் வெட்டின ஓரத்துல ஈரம் ஏறினா ஊதிரும். செய்யுறதா இருந்தா எல்லா ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட், அதாவது ஓரத்தை மூடுற பட்டி, ஒட்டணும், கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்துக்கும் சேர்த்து, பாஸ்மாருங்க அதைத்தான் விட்டுருவாங்க. சட்டம் அலுமினியத்துல அடிச்சி பலகை மட்டும் போடுறது இப்ப நிறைய பேர் செய்றாங்க, பேன்ட்ரி கபட் மாதிரி, கறையானும் வராது, ஆனா பாக்க கொஞ்சம் கடை மாதிரி இருக்கும். மரம்னா மகோகனி நல்லம், தேயிலைக்கு நிழலுக்கு வைக்கிற சபுக்கு மரமும் நல்லா காஞ்சிருந்தா பரவால்ல, பச்சையா வாங்கினா வளைஞ்சிரும். எந்த மரம்னாலும் உள்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாத்துக்கும் வார்னிஷ் அடிங்க. முன்பக்கம் மட்டும் அடிச்சா ஒரு பக்கம் ஈரம் குடிச்சு கதவு முறுக்கிக்கும். பின்னால மெல்லிசு ஹார்ட்போர்ட் வேணாம். தரையில இருந்து 4 அங்குலம் கால் வச்சு தூக்குங்க, சுவரை விட்டு ஒரு 2 அங்குலம் தள்ளுங்க.

இன்னொண்ணு, ரூம் பத்தலன்னு மேட்டை இன்னும் வெட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நம்ம பக்கம் மண்சரிவு இடம், வெட்டணும்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல கேட்டுட்டுத்தான் செய்யணும். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவுல கான் இருக்கா? மேல இருந்து வர்ற தண்ணி ஓடிப்போக வழி இல்லன்னா நீங்க உள்ளுக்கு எந்த பெயின்ட் அடிச்சும் புண்ணியமில்ல.

---

டயகம_தம்பி

டீச்சர் துணிக்கே ஒரு ரூம் வச்சிருக்கீங்க 😄 எங்களுக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்துல கிடைச்ச வீடு, 7 பேர்ச் காணி, வீடு 550 சதுர அடி, ரெண்டு ரூம், அதுல ஆறு பேர். அதனால நான் டிரெஸ்ஸிங் ரூமைப் பத்தி பேசல, மூலையைப் பத்தி பேசுறேன்.

ரூம் மூலையில ரெண்டு சுவருக்கும் நடுவுல 1 அங்குல ஜீஐ பைப் ஒண்ணு போட்டோம், மேல ஒரு பலகை, முன்னால துணி கர்ட்டன், அவ்வளவுதான். பலகைக்கு மேல பயணப் பை. கீழ பழைய டிரங்குப் பெட்டி, அம்மாவோட கூறைச்சேலை அதுலதான். கதவு இல்லாததால காத்து போகுது, லயத்துல இருந்தப்ப கொடியில போட்ட துணி அடுப்புப் புகை நாத்தம் அடிக்கும், ஆனா ஒரு நாளும் பூஞ்சு புடிச்சதில்ல, அது ஏன்னு இப்பதான் விளங்குது, சூடும் காத்தும் இருந்திச்சு. டீச்சருக்கு குசினி சுவர் இருக்கே, விறகடுப்பு அந்தப் பக்கம்தானா? அப்பிடின்னா அதை விட நல்ல சுவர் கிடைக்காது.

கர்ட்டனுக்கு தடிப்பான துணி போடாதீங்க, அதுவே ஈரம் குடிச்சு நாறும். மெல்லிசு கொட்டன் போட்டு அடிக்கடி துவைங்க.

---

பண்டாரவளை_அக்கா

எல்லாரும் மரத்தைப் பத்தியே பேசுறீங்க, உள்ளுக்கு இருக்கிற சேலையைப் பத்தி யாருமே பேசல.

முதல்ல ஒரு விசயம், உங்க பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, எங்க ஊவாப் பக்கம் அந்த நேரம் காஞ்ச காத்துதான், எங்களுக்கு ஒக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரைக்கும்தான் கஷ்டம். அதனால எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு சொல்ல ஏலாது. உங்களுக்கு ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் நல்ல வெயில் இருக்கும், பட்டு எல்லாத்தையும் அப்ப வெளிய எடுத்து நிழல்ல காத்தாட விடுங்க, நேர் வெயில்ல போட்டா கலர் போயிரும். மடிப்பை மாத்தி மடிச்சு வைங்க, ஒரே மடிப்புல கிடந்தா சரிகை அந்த கோட்டுல முறியும்.

பொலித்தீன் பைக்குள்ள பட்டை வைக்காதீங்க. கடையில குடுக்கிற அந்த ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவரும் அப்பிடித்தான், உள்ளுக்கு இருக்கிற ஈரம் வெளிய போகாது. பழைய வெள்ளை வேட்டியை நல்லா துவைச்சு, கஞ்சி போடாம, அதுல சுத்தி வைங்க. கஞ்சி போட்டா பூச்சிக்கு சாப்பாடு. பூச்சி உருண்டை வைக்கிறதா இருந்தா சின்ன துணியில முடிஞ்சு ராக்கை மூலையில போடுங்க, சரிகையில படக்கூடாது. எங்க அம்மம்மா வேப்பிலை வைக்கச் சொல்லுவாங்க, இந்தக் குளிர்ல வேப்பமரத்துக்கு நான் எங்க போறது.

தினம் கட்டுற சேலையை ஹேங்கர்ல போடுங்க, பட்டை மட்டும் மடிச்சு வைங்க. சேலை ஹேங்கருக்கு 3 அடி உயரம் விட்டா போதும், அதுக்குக் கீழ லாச்சி அடிக்கலாம், பிளவுசுக்கு 5 அங்குல லாச்சி, அதை விட ஆழமா இருந்தா ஒண்ணுக்கு மேல ஒண்ணா போட்டு காலையில எல்லாத்தையும் கிளறுவோம். அவரோட ஷர்ட் பகுதியில ரெண்டு ராடு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் 40 அங்குலம்.

தம்பி சொன்ன கர்ட்டன் எனக்கு சரிவராது, தச்சு அண்ணே என்ன சொல்லுவாரோ தெரியாது, ஆனா பட்டு இருக்கிற பகுதிக்கு கதவு இருக்கணும், தூசியும் வெளிச்சமும் ரெண்டுமே பட்டைக் கெடுக்கும். மரச்சிலாத்து வச்ச கதவு போடுங்க, பழைய பங்களா ஜன்னல்ல இருக்குமே அந்த மாதிரி. திறந்த ராக்கை படத்துக்கு நல்லாயிருக்கும், வாரம் வாரம் தூசி தட்டுறது யாரு?

---

கொட்டகலை_டீச்சர்

ஐயோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விசயம் இருக்கும்னு நினைக்கவே இல்ல. விறகடுப்பு அந்த சுவர்லதான் தம்பி, கேஸ் இருந்தாலும் குளிக்க வெந்நீர் அதுலதான் போடுவோம். கான் இருக்கு அண்ணே, ஆனா பாதி மண்ணு ரொம்பிக் கிடக்கு, இந்த வாரமே ஆள் புடிச்சு வெட்டச் சொல்றேன்.

ரெண்டு சந்தேகம். கண்ணாடி எங்க வைக்கிறது, அப்ப மண்மேட்டு சுவர்தான் வெறுமனே இருக்கே? அப்புறம் அலுமாரிக்குள்ள குண்டு பல்ப் ஒண்ணு எரிய விட்டா ஈரம் வராதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க, உண்மையா? ஜன்னலை நாள் முழுக்க திறந்து வைக்கவா?

---

நுவரெலியா_கரண்ட்வேலை

பல்ப் விசயம் உண்மைதான், நுவரெலியால அந்தக் காலத்துல இருந்தே செய்றாங்க, இங்க 1868 மீட்டர் உயரம், எங்களுக்கு அது இல்லாம ஏலாது. வேலை செய்யிறது வெளிச்சம் இல்ல, சூடு. உள்ளுக்கு காத்து கொஞ்சம் சூடானா ஈரப்பதன் கொறையும், துணி ஈரம் இழுக்காது. அதனால எல்.ஈ.டி பல்பைப் போட்டுட்டு பங்கஸ் போகலன்னு சொல்லக்கூடாது, அதுல அந்த அளவுக்கு சூடே கிடையாது. ஆனா குண்டு பல்ப்ல துணி பட்டா கருகும், தீயும் புடிக்கும், பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடையில விக்கிற ஈரம் உறிஞ்சிற டப்பா இருக்கே, அதுக்குள்ள கல்சியம் குளோரைட்டு, அது ஈரத்தை இழுத்து தண்ணியா கீழ சேர்க்கும். மூடின அலுமாரிக்குள்ள நல்லா வேலை செய்யும், திறந்த ராக்கைக்கு சல்லி வீண். அந்த தண்ணி துணியில கொட்டினா கறை, இரும்புல பட்டா துரு, அதனால தொங்கவிடுற மாதிரி வர்றதை பட்டுக்கு மேல மாட்டாதீங்க, அடித்தட்டுல வைங்க. டிஹியுமிடிஃபயர், அதாவது ரூம் காத்துல இருந்து ஈரத்தை இழுக்கிற மெஷின், வாங்குறதா இருந்தா, கம்ப்ரஸர் உள்ளது குளிர் கூடின இடத்துல சரியா இழுக்காது, எங்க பக்கத்துக்கு டெசிகன்ட் டைப் (ஈரம் உறிஞ்சிற பொருள் வச்சு வேலை செய்யிறது) தான் நல்லம், ஆனா அது கரண்ட் கூட குடிக்கும். கொட்டகலைக்கு முதல்ல சுவரையும் காத்தையும் சரி பண்ணிப் பாருங்க, பிறகு மெஷினை யோசிக்கலாம்.

ஜன்னல் நாள் முழுக்க வேணாம். மூட்டம் இறங்கிற நேரம் திறந்து வச்சா வெளியில இருக்கிற ஈரத்தை நாமளே உள்ளுக்கு கூப்பிடுறோம். வெயில் அடிக்கிற நேரம் திறங்க, அப்ப அலுமாரிக் கதவையும் சேர்த்துத் திறங்க.

கண்ணாடியை அந்த மண்மேட்டு சுவர்ல ஒட்டாதீங்க, பின்பூச்சு ஓரத்துல இருந்து கருத்து வரும். கால் வச்ச நிலைக்கண்ணாடி வாங்கி சுவரை விட்டு தள்ளி நிறுத்துங்க, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழும், அது முகத்துக்கு நல்லம். முழு உருவம் தெரிய உங்க உயரத்துல பாதி கண்ணாடி இருந்தா போதும், சரியான உயரத்துல வைக்கணும், அவ்வளவுதான். எங்கயாவது சுவர்ல ஒட்டுறதா இருந்தா புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கன் போடாதீங்க, அது கண்ணாடிப் பூச்சைத் தின்னுரும், நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. காலையில இருட்டுல சேலை கட்டுறதால தலைக்கு மேல ஒரு லைட் மட்டும் போட்டா கண்ணுக்குக் கீழ நிழல் விழும், கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, 4000 கெல்வின் அளவுல, அதாவது ரொம்ப மஞ்சளும் இல்லாம நீலமும் இல்லாம நடுத்தர வெள்ளை. மஞ்சள் லைட்ல பாத்து பிளவுஸ் மெச் பண்ணிட்டுப் போனா ஸ்கூல்ல வேற கலராத்தான் தெரியும்.

---

நாவலப்பிட்டி_தச்சுப்பட்டறை

அக்கா சொன்ன சிலாத்துக் கதவு நல்லம்தான், ஆனா கூலி கூடும், நாள் கூடும். எல்லாக் கதவுக்கும் வேணாம், பட்டு பகுதிக்கு மட்டும் போடுங்க, மத்த கதவுக்கு மேலயும் கீழயும் வரிசையா ஓட்டை போட்டா போதும், கீழ குளிர்ந்த காத்து நுழைஞ்சு மேல போயிரும். ஓட்டைக்கு உள்பக்கம் கொசுவலை அடிங்க, இல்லாட்டி கரப்பான் குடியிருக்கும். விறகடுப்பு சுவர்னா ராக்கையை சுவர்ல நேரா ஒட்டாம தள்ளி அடிக்கணும், சூடும் புகையும் ஒரு வெடிப்பு இருந்தாலும் இந்தப் பக்கம் வரும், முதல்ல அந்த சுவரை இந்தப் பக்கமும் நல்லா பூசச் சொல்லுங்க. சீலிங் அடிக்கும்போது அலுமாரிக்கு மேல ஒரு சாண் விடுங்க.

---

கொட்டகலை_டீச்சர்

சரி அண்ணே, அப்ப பெட்ரூம் சுவர் தொங்குறதுக்கு, குசினி சுவர் ராக்கைக்கு, மேட்டுப் பக்கம் நிலைக்கண்ணாடி மட்டும். கதவை ஜன்னல் ஓரத்துல வெட்ட நாளைக்கே மேசன் பாஸுக்கு சொல்லணும், அவரு வேற வேலைக்கு போயிருவாரு. மாமிக்கு இன்னும் சொல்லல, அவங்க பட்டுக்கும் ஒரு தட்டு இருக்குன்னு சொன்னா ஒத்துக்குவாங்கன்னு நினைக்கிறேன். குசினி சுவர்ல நடுவுல ஒரு சுவிட்ச் போர்ட் வச்சிட்டாங்க, அது ராக்கைக்குள்ள மாட்டும் போல, கரண்ட்வேலை அண்ணே அதை மாத்துறது பெரிய வேலையா?

---

நுவரெலியா_கரண்ட்வேலை

பூச்சு வேலை முடியலன்னா சின்ன வேலைதான், கொன்டியூட் (வயர் போற பைப்) எந்தப் பக்கம் வருதுன்னு படம் போடுங்க பாப்போம். பூசி முடிச்சிட்டாங்கன்னா சுவரைக் கிழிக்காம ராக்கையில அந்த இடத்தை மட்டும் வெட்டி விட்டு, ஒரு பிளக் பொயின்ட் சேர்த்துக்கங்க, அயன் பொக்ஸுக்கு எப்பிடியும் வேணும்.