‘டு கேட்ச் எ கில்லர்’ பார்த்த பிறகு உங்களுக்கு நடந்தது என்ன?

அடையாறு ஆந்தை:
விமர்சனம் எழுத வரவில்லை. டாமியான் சிஃப்ரான் இயக்கி 2023இல் வந்த படம். பால்டிமோர், புத்தாண்டு இரவு, வாணவேடிக்கைச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒருவன் உயரத்திலிருந்து 29 பேரைச் சுடுகிறான். பார்த்தவர்களுக்கு இது போதும். பார்க்காதவர்கள் இப்போதே விலகிவிடுங்கள், கீழே கதை எல்லாம் வெளிவரும்.

டிசம்பர் 30 ராத்திரி பார்த்துத் தொலைத்தேன். மறுநாள் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் வழக்கமான கூத்து. கேக், சமோசா, யாரோ கொண்டுவந்த ஸ்பீக்கர். பன்னிரண்டு அடித்ததும் பெசன்ட் நகர் பக்கம் வானம் பச்சையும் சிவப்புமாக வெடித்தது. எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். நான் மட்டும் எதிர்க் கட்டடத்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஜன்னலில் விளக்கு எரியவில்லை, எது பாதி திறந்திருக்கிறது என்று.

திரும்பினால், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த முதல் மாடி மாமாவின் தலை அப்படியே மார்பில் சரிகிறது. கையிலிருந்த பேப்பர் கப் கீழே விழுந்து உருள்கிறது. பக்கத்தில் நின்ற அவர் மருமகள் வானத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். படத்தில் மாடி விருந்தில் ஒருவர் விழும்போதும் இப்படித்தானே, பக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே புரியாது.

ஓடிப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். மாமா கண்ணைத் திறந்து, "என்னம்மா, கேக் வெட்டியாச்சா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கப் உருண்ட விதம் இன்னும் போகவில்லை. உங்களுக்கும் இந்தப் படத்தால் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டதா?

செகண்ட் ஷோ செல்வம்:
திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை, ஒரு லேப்டாப், ஆறு பேர். மால் காட்சி வந்தது. அவன் சுட ஆரம்பித்ததும் எங்கள் அறையில் ஒருத்தன் விசிலடித்து, "மாஸ்டா!" என்றான். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். இடைவேளைக்கு முன்னால் ஹீரோ பத்துப் பேரை அடித்தால் விசிலடித்துப் பழகிய வாய். இன்னொருவனும் சேர்ந்து அடிப்பான் என்று எதிர்பார்த்திருப்பான். யாரும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து, "கொசு கடிக்குது" என்று லைட்டைப் போட்டான். படம் முடியும்வரை லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது.

ஆந்தை, வெடிச் சத்தம் பற்றி நீங்கள் சொன்னது சினிமாக் கற்பனை இல்லை. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் ஓட்டலின் 32ஆவது மாடியிலிருந்து கச்சேரிக் கூட்டத்தைச் சுட்டபோது, கீழே இருந்த பலர் முதலில் பட்டாசு என்றுதான் நினைத்தார்கள். மற்றபடி படத்தில் பால்டிமோர் என்று காட்டுவது முக்கால்வாசி கனடாவின் மாண்ட்ரியல். அந்த ஊருக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எந்த ஊராகவும் இருக்கலாம்.

நங்கநல்லூர் பெரிசு:
சம்பந்தம் இல்லையா? தம்பி, பால்டிமோர் இருப்பது மேரிலாந்து மாநிலத்தில். 2002 அக்டோபரில் நான் அதே மாநிலத்தில், ராக்வில் பக்கம் வேலையில் இருந்தேன். மூன்று வாரம். வாஷிங்டனைச் சுற்றி மறைந்திருந்து சுட்டதில் 10 பேர் செத்தார்கள், 3 பேர் காயம். புல் வெட்டியவர், பஸ் ஓட்டுநர், பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் என்று யார் வேண்டுமானாலும். இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய ஒரு டாக்சி ஓட்டுநரும் பெட்ரோல் பங்கில்தான் செத்தார். அந்தப் படத்தை எடுத்தவர்கள் இதையெல்லாம் நினைக்காமல் மேரிலாந்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்களா என்பது என் கேள்வி.

சுடுகிறவன் வருவது வெள்ளை வேனில் என்று சொல்லியிருந்தார்கள். டிவியில், ரேடியோவில், எங்கும் வெள்ளை வேன். பங்குகளில் பெரிய தார்ப்பாயைத் தொங்கவிட்டிருப்பார்கள், வெளியிலிருந்து ஆள் தெரியாமல் இருக்க. பெட்ரோல் பைப்பைச் சொருகிவிட்டு கார் பக்கத்திலேயே குந்திக்கொள்வோம். கடைக்கு நடந்தால் நேராக நடக்கமாட்டோம், வளைந்து வளைந்துதான்.

அப்படி நான் குந்தியிருந்தபோது பக்கத்து பம்புக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. எனக்கு அடிவயிறு இழுத்துக்கொண்டது. இறங்கியவன் குழாய் வேலை பார்க்கும் ஆள், சட்டையில் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது. என்னைப் பார்த்தான். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான். அப்புறம் அவனும் தன் வேன் பக்கத்தில் குந்திக்கொண்டான். டாங்க் நிரம்பும்வரை இரண்டு பேரும் அப்படியே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. அந்த நாட்களில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அவன் கையை விரித்துக் காட்டினானோ.

கடைசியில் வேனே இல்லை. பழைய நீல நிறக் கேப்ரிஸ் கார், அதுவும் ஒரு காலத்தில் போலீஸ் வண்டியாக ஓடியது. டிக்கியில் ஓட்டை போட்டு உள்ளே படுத்துச் சுட்டிருக்கிறார்கள். அந்த நம்பரைப் போலீசார் முன்பே சில தடவை சோதித்துவிட்டு அனுப்பியும் இருக்கிறார்கள். அக்டோபர் 24 விடியற்காலை, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தார்கள். படத்தில் அந்த எஃப்.பி.ஐ அதிகாரியை மேலிடம் நெருக்கும்போது, சீக்கிரம் யாரையாவது காட்டு என்று கத்தும்போது, எனக்கு அந்தக் குழாய்க்காரனின் உள்ளங்கைதான் தெரிந்தது.

செகண்ட் ஷோ செல்வம்:
ஐயா, உங்கள் அனுபவம் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டு பேர் காரில் சுற்றியது. இது ஒருவன், ஜன்னல். நான் சொன்னது படப்பிடிப்பு இடத்தைப் பற்றி.

மூணாவது மானிட்டர்:
மாலில் கேமரா அறை வேலை. எந்த மால் என்று கேட்காதீர்கள்.

படத்தில் எனக்குப் பிடித்தது ஒரே இடம். குண்டுவெடித்த கட்டடத்திலிருந்து ஜனங்கள் வெளியே வரும்போது அந்தப் பெண் போலீஸ், எல்லோர் முகத்தையும் வீடியோ எடு என்கிறாளே, அது. தொழில் தெரிந்தவள். சம்பவம் நடந்த இடத்தைவிட வாசல்தான் முக்கியம்.

எங்கள் இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபுட் கோர்ட்டில் தீ அலாரம் அடித்தது. சென்சார் கோளாறு, பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. சைரன், சிவப்பு விளக்கு, வெளியேறுங்கள் என்று அறிவிப்பு. என் மானிட்டரில் முந்நூறு தலையாவது இருக்கும். ஒரு தலையும் எழுந்திருக்கவில்லை. தோசைக்கு டோக்கன் வாங்கியவன் கவுண்டரை விட்டு நகரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தது ஒரு அம்மாவை. மூன்று வயது இருக்கும், பையன் சத்தம் தாங்காமல் அழுகிறான். அவள் இடது கையால் அவன் காதைப் பொத்துகிறாள், வலது கையால் நூடுல்ஸ் ஊட்டுகிறாள். ஒரு வாய், துடைப்பு, இன்னொரு வாய். அலாரம் அடங்கும்வரை.

வாக்கியில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கு உண்மையாகவே ஏதாவது இருந்திருந்தால் வாசல் கேமராவில் பதிவாக ஒரு முகமும் இருந்திருக்காது.

பழைய ஏட்டு:
நான் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மெரினாவில் புத்தாண்டு பந்தோபஸ்து பலமுறை பார்த்திருக்கிறேன். காந்தி சிலை அருகே ஒரு வருஷம் படபடவென்று சத்தம், கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. கீழே விழுந்த பெண்ணைத் தூக்கினேன், அவள் என் சட்டைப் பையைப் பிடித்த பிடியில் பை கிழிந்தது. மைக்கில் விசாரித்தால் சைலன்சரைக் கழற்றிய பைக். அவ்வளவுதான் கதை.

இங்கே படித்ததில் சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. முதலில், துப்பாக்கியா வெடியா என்று காதை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். எங்களுக்கே முடியாது. கட்டடங்களுக்கு நடுவே சத்தம் எதிரொலித்து எந்தப் பக்கம் என்றே தெரியாது. சந்தேகம் என்றால் சுவருக்கோ தூணுக்கோ பின்னால் போய்விட்டு அப்புறம் யோசியுங்கள். ஓடும் கூட்டத்தில் குனிந்து செருப்பை எடுக்கவே கூடாது. நெரிசலில் சாவது குண்டில் சாவதைவிட நம் ஊரில் சுலபம். 112க்கோ 100க்கோ அடித்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், கதையைப் பிறகு சொல்லலாம்.

அடுத்தது, நம் ஊரில் துப்பாக்கி பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், சென்னையில் என்றால் கமிஷனர் அலுவலகத்தில் மனு. ஏன் வேண்டும், எங்கே பத்திரமாக வைப்பாய் என்று ஆயிரம் விசாரணை. 2019இல் திருத்தம் வந்த பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வோம், நானே சீட்டு எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். அதே திருத்தத்தில் இன்னொன்று: கல்யாணம், கொண்டாட்டம் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட. வடக்கே கல்யாணத்தில் சுட்டு மாப்பிள்ளை வீட்டாரே செத்த செய்தியெல்லாம் படித்திருப்பீர்கள். அதனால் அமெரிக்கா மாதிரி ஆகிவிடும் என்று பயப்படவேண்டாம், ஆனால் அசட்டையாகவும் இருக்கவேண்டாம்.

கடைசியாக, அபார்ட்மென்ட்வாசிகள் எல்லோரும் உங்கள் மாடிப்படிக் கதவு, அவசர வழி திறக்கிறதா என்று ஒரு முறை தள்ளிப் பாருங்கள். சைக்கிள், பழைய மெத்தை, உடைந்த கொலு படி எதையும் படிக்கட்டில் போட்டு வைக்காதீர்கள். மானிட்டர் தம்பி, உங்கள் ஃபுட் கோர்ட்டில் அறிவிப்பைத் தமிழில் கொடுக்கிறார்களா? அதையும் பாருங்கள்.

மூணாவது மானிட்டர்:
இல்லை ஐயா. இங்கிலீஷில் பதிவு செய்த பெண் குரல்தான். நல்ல கேள்வி.

பெருங்குடி 14ஆம் மாடி:
எனக்கு உறுத்துவது போலீஸ் பக்கம் இல்லை, படத்தில் சுட்டவன் பக்கம். அவனுக்குச் சத்தமும் வெளிச்சமும் ஆகாது. அதுவரை பயந்துகொண்டு பார்த்தவள் அங்கே நின்றுவிட்டேன். ஏனென்றால் எங்கள் பிளாக்கில் ஒருவர் இருக்கிறார். தனி ஆள். வாட்ஸ்அப் குரூப்பில் அவர் எழுதுவதெல்லாம் சத்தம் பற்றித்தான். ஜிம்மில் வெயிட்டைப் போடும் சத்தம், பசங்க பந்து, மாவு மிக்சி. தீபாவளிக்குக் காலையில் 6 முதல் 7, சாயங்காலம் 7 முதல் 8 என்று அரசு கொடுத்த நேரத்தைப் போட்டு, மணி 9.40 என்று ஃபோட்டோவும் போடுவார். பதிலுக்குப் பத்துச் சிரிப்புப் பொம்மை. என்னுடையதும் அதில் ஒன்று உண்டு, எல்லோரும் போட்டார்கள்.

படம் பார்த்த வாரத்திலேயே கீழே ஒரு பிறந்தநாள், டிஜே வைத்திருந்தார்கள். லிஃப்டில் நானும் அவரும் மட்டும். லிஃப்டின் இரும்புச் சுவர் பாஸ் சத்தத்தில் அதிர்கிறது. கறிவேப்பிலை, ஒரு பால் பாக்கெட் இருந்த பையைக் கீழே வைத்தார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நெற்றியைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி நின்றார். பத்தாவது மாடி தாண்டிச் சத்தம் குறைந்ததும் கையை எடுத்து, "ஸாரி மேடம்" என்றார். என்னிடம் ஏன் ஸாரி கேட்டார்?

செகண்ட் ஷோ செல்வம்:
இதுதான் இந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதது. கொன்றவனுக்கு ஒரு சோகக் கதை. செத்த 29 பேரில் ஒருவருக்காவது வீடு, அம்மா, சம்பளம் என்று காட்டினார்களா? சத்தம் பிடிக்காதவர்கள் எல்லோரும் சுடுவதில்லை மேடம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நீங்களே சந்தேகப்பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள்.

நங்கநல்லூர் பெரிசு:
அவர் அதைச் சொல்லவில்லை செல்வம். திரும்பப் படியுங்கள்.

பெருங்குடி 14ஆம் மாடி:
நன்றி சார். செல்வம், நான் அவரைக் கண்டு பயப்படவில்லை. அந்த டிஜேக்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல எங்கள் குரூப்பில் 212 பேரில் ஒருவரும் போகவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஏட்டு ஐயா, நீங்கள் சொன்னதற்காக இன்று காலை எங்கள் தளத்து அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். வெளிப்பக்கம் பூட்டு. சாவி செகரட்டரியிடம். செகரட்டரி திருப்பதியில். குரூப்பில் எழுதினேன், இதுவரை வந்தது நான்கு கட்டைவிரல். ஒரே ஒரு பதில் மட்டும் எழுத்தில் வந்தது, அவரிடமிருந்து: "பதின்மூன்றாவது மாடியிலும் பூட்டித்தான் இருக்கிறது. மார்ச்சிலேயே மெயில் அனுப்பினேன், ஃபார்வர்ட் செய்கிறேன்."