சீட்டைப் பார்க்காமலே ஆல்-இன் போடும் மைத்துனனுக்கு என்ன பதில்?

முத்தியால்பேட்டைக் கணக்கர் கேட்கிறார்:

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு பேர் போக்கர் ஆடுகிறோம். டெக்சாஸ் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு (அதுதான் 'கை'), நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பந்தயத்துக்கு வரம்பு இல்லை, இருப்பதை எல்லாம் ஒரேயடியாகக் கட்டலாம்; அதுதான் ஆல்-இன். பணம் கிடையாது; ஆளுக்கு 200 புளியங்கொட்டை. முதலில் காலியாகிறவர் அடுத்த வாரம் எல்லாருக்கும் சுண்டல் போட வேண்டும். ஐந்து வாரமாக என் வீட்டில்தான் கொண்டைக்கடலை ஊறுகிறது.

காரணம் என் மனைவியின் தம்பி. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் பந்தயம்தான் பிளைண்ட்; சின்ன பிளைண்ட் 2, பெரிய பிளைண்ட் 4 கொட்டை. பத்து ஆட்டத்தில் நான்கில், ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விரிப்பதற்கு முன்பே கிண்ணத்தோடு நடுவில் தள்ளிவிட்டு, "ஆல்-இன், மாமா" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பான். கடல் காற்றுக்குச் சீட்டு பறக்கிறது என்று அவரவர் சீட்டின்மேல் ஒரு கொட்டை வைத்திருப்போம். பல நேரம் அந்தக் கொட்டையைக்கூட அவன் எடுத்திருக்க மாட்டான்!

நான் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் ஏஸும் ஜாக்கும் வந்தன, துணிந்து ஏற்றேன், அதாவது நானும் அவன் அளவுக்குப் போட்டேன். அவனிடம் ஏழு ஜோடி. என் கிண்ணம் காலி. அந்தப் பயத்தில் இந்த வாரம் இரண்டு ராணிகளை வைத்துக்கொண்டே ஆட்டத்தை விட்டுக் கவிழ்த்தேன். (பிரான்சில் இருக்கும் பெரியப்பா கொண்டுவந்த கட்டு, ராணியின் மூலையில் க்யூவுக்குப் பதில் 'டி' என்றிருக்கும். தவறாகப் படித்தேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் தெரிந்தேதான் கவிழ்த்தேன்.) அவன் திருப்பிக் காட்டியது ஒன்பதும் நான்கும்.

எந்தக் கைகளோடு ஏற்கலாம்? எங்கள் அத்தையும் ஆடுகிறார். இரவு முழுக்க ஒரே ஒரு முறைதான் ஆல்-இன் போடுவார். அவருக்கும் இதே பதில்தானா? கைப்பேசியில் பணம் கட்டி ஆடிப் பழகினால் பயம் தெளியுமா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

தம்பி, ஏஸ்-ஜாக்கில் தோற்றதை விடுங்கள். ஏழு ஜோடிக்கு எதிரே அது நூற்றுக்கு 45 முறை ஜெயிக்கிற கை. ராணிகளைக் கவிழ்த்ததற்குத்தான் உங்களை முட்டிபோட வைக்க வேண்டும். எதிராளியிடம் எது வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால்கூட ராணி ஜோடி ஐந்துக்கு நான்கு முறை ஜெயிக்கும்.

கணக்கர் என்கிறீர்கள், கணக்கைப் பாருங்கள். நீங்கள் பெரிய பிளைண்ட். மைத்துனர் 200ஐத் தள்ளுகிறார், மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். நடுவில் 206 கொட்டை. நீங்கள் இன்னும் போட வேண்டியது 196. மொத்தம் 402. 196 என்பது 402இல் நூற்றுக்கு 49க்குச் சற்றுக் குறைவு. இரண்டில் ஒரு முறை ஜெயிக்கிற கை இருந்தாலே நட்டமில்லை.

அவர் எதை வைத்துத் தள்ளுகிறார் என்பதுதான் மீதி. 52 சீட்டில் இரண்டிரண்டாக 1,326 கைகள். ஜோடிகள் 78. ஜோடியல்லாத ஏஸ் கைகள் 192. கூட்டினால் 270, ஐந்தில் ஒரு பங்கு. எந்த ஜோடி வந்தாலும், எந்த ஏஸ் வந்தாலும் தள்ளுகிறவர்கூடப் பத்துக்கு இரண்டு முறைதான் தள்ள முடியும். உங்கள் மைத்துனர் பத்துக்கு நான்கு முறை தள்ளினால் அதில் பாதி ஜோடியும் இல்லை, ஏஸும் இல்லை. அப்படிப்பட்டவரை ஆறு ஜோடி முதல் மேலே, ஏஸ்-எட்டு முதல் மேலே, ராஜா-ராணி ஆகியவற்றோடு ஏற்கலாம். ஆனால் நான்கு முறை என்பது எண்ணியதா, எரிச்சலில் தோன்றியதா? தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணுங்கள்.

தள்ளுகிறவருக்கு இரண்டு வழி உண்டு: நீங்கள் கவிழ்த்தாலும் கொட்டை அவருக்கு, சீட்டு நன்றாக விழுந்தாலும் அவருக்கு. ஏற்கிறவருக்குச் சீட்டு ஒன்றுதான் வழி. முதல் வழியை ஐந்து வாரமாக அவருக்கு இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறீர்கள்.

அத்தை வேறு ரகம். அவர் தள்ளினால் ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, மிஞ்சிப்போனால் ஏஸ்-ராஜா. ஏஸ்-ராஜாவுக்கு எதிரே ஏஸ்-ஜாக் நான்குக்கு ஒரு முறைதான் தேறும். ராஜா ஜோடிக்கு எதிரே ராணி ஜோடிக்கும் ஐந்துக்கு ஒரு முறைதான். அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்:

அண்ணா, வாத்தியார் சொன்னது நீங்கள் கடைசியாகப் பேசும்போது. உங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் இருந்தால் அதில் ஒருவர் நல்ல சீட்டோடு காத்திருக்கலாம். அத்தை அங்கே இருந்தால் இன்னும் மோசம். ஏஸ்-எட்டெல்லாம் அப்போது வேண்டாம். உங்களிடம் 30 கொட்டைதான் இருக்கிறது என்றால் ஆட்டம் 30க்குத்தான், மிச்சம் தள்ளியவருக்கே திரும்பும். கிண்ணத்தின் அளவைப் பார்த்து மிரள வேண்டாம்.

பணம் கட்டி ஆடும் பேச்சை விடுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் போட்ட சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. புளியங்கொட்டை போதும்.

முத்தியால்பேட்டைக் கணக்கர்:

ஐயா, கோடு போட்டு எண்ணினேன். முதல் 40 கைகளில் 21 முறை தள்ளினான். ஏஸ்-எட்டோடு ஒரு முறை ஏற்றேன். அவனிடம் பத்தும் ஆறும். என் 150 கொட்டை இரட்டிப்பானது. எட்டு ஜோடியோடு இன்னொரு முறை ஏற்றேன். அவனிடம் ராஜாவும் ஐந்தும். கடைசிச் சீட்டில் ராஜா வந்து தொலைத்தது, 90 கொட்டை போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு வந்த 20 கைகளில் இரண்டே முறைதான் தள்ளினான். அந்த இரண்டு முறையும் கொட்டையை எடுத்து வைத்துவிட்டு, சீட்டின் மூலையை மடக்கிப் பார்த்தான். இரண்டையும் கவிழ்த்துவிட்டேன். இந்த வாரம் சுண்டல் அத்தை வீட்டில். இனியும் ஏஸ்-எட்டோடு ஏற்கலாமா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

கவிழ்த்தது சரி. சீட்டின்மேல் வைத்த கொட்டை நகராமல் தள்ளினால் எந்த ஏஸும் எந்த ஜோடியும் போதும். ராணி-ஏழுகூடப் பாதிக்குச் சற்று மேல். கொட்டை நகர்ந்திருந்தால் அவரையும் அத்தை கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். காற்றில்லாத இரவிலும் கொட்டை வைக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று அவருக்குச் சொல்லவும் வேண்டாம்.